உராய்வைப் புறக்கணிக்காத வீடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆண்டவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். அத்தான் மட்டும் குப்புறப் படுத்தபடி நலம்.

உன் கடிதம் கண்டேன். இயற்பியல்தான் படிப்பேன் என்று உன் மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாளாமே. வியாழக்கிழமைக்குள் எங்கள் ஊர்க் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும், “உன் மகள் அங்கே அதே இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கிறாளே, அக்கா, நீ சேர் என்றால் சேர்க்கிறேன், வேண்டாம் என்றால் வணிகவியல்” என்று எழுதியிருக்கிறாய். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டாய். அதனால் சாமியைக் கும்பிட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இந்தப் படிப்பு கல்லூரியில் நடப்பதில்லை, வீட்டில்தான் நடக்கிறது. என் மகள் வாராவாரம் பயிற்சித் தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பிள்ளை தனியாகக் கஷ்டப்படுகிறதே என்று நாங்கள் தாளைக் கையில் எடுப்போம். நான் எட்டாவதோடு நின்றவள், மீதியை நானாகப் படித்துக்கொண்டவள், உனக்குத் தெரியாததா. லிஃப்ட் கீழே கிளம்பும்போது உள்ளே நிற்பவரின் எடை குறைவாகக் காட்டும் என்று ஒரு தாளில் இருந்தது. அத்தான் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனவர்தான், மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. காவலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சார், நீங்க எந்த மாடிக்குத்தான் போகணும்?” என்று கேட்டிருக்கிறார். “மாடி முக்கியமில்லப்பா. கிளம்பறதுதான் முக்கியம்,” என்றாராம் அத்தான். டாக்டர் குறைக்கச் சொன்ன எடை குறைந்துவிட்டது, ஆனால் ஒரு நொடிதான் குறைகிறது, தரைத்தளத்தில் நிற்கும்போது வட்டியோடு திரும்பி வந்துவிடுகிறது என்று அன்றைக்கு முழுக்க வருத்தமாக இருந்தார்.

அடுத்த தாள் என் தலையில் விழுந்தது. ஒரு வாளித் தண்ணீரைச் சமதரையில் சுமந்து நடந்தால், வாளியைத் தூக்கும் விசை செய்யும் வேலை சுழியாம். அத்தான் அதைச் சத்தமாக வாசித்தார். “இத்தனை வருஷமா நான் சொன்னப்ப நம்பலையே, இப்ப காலேஜே சொல்லுது பாரு.” உயரத் தூக்கினால்தான் கணக்கில் சேரும் என்று அதே தாளில் கீழே போட்டிருந்தது. மறுநாள் அவர் காபியைப் பரண் மேல் வைத்தேன். “இதை எப்படி எடுக்கறது?” என்றார். “ஏணி போட்டு எடுங்க, நீங்களும் கொஞ்சம் வேலை செஞ்ச மாதிரி இருக்கும்,” என்றேன்.

என்னை மிகவும் கலக்கியது அளவீட்டுப் பிழை. நாம் கணக்கு எழுதினால் கடைசி வரி நேராகும்வரை தூங்க மாட்டோம். இவர்களோ பிழை இருக்கத்தான் செய்யும், எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதிக்கொடு, மதிப்பெண் தருகிறேன் என்கிறார்கள். இது பழகிப்போய், இப்போது சாமி முன் நின்றால், “இன்று செய்த பாவம் நான்கு, கூட்டியோ குறைத்தோ ஒன்று,” என்று வாயில் வருகிறது. ஆண்டவன் என்ன நினைக்கிறானோ.

போன வாரம்தான் உச்சம். ‘ஒருவர் அலமாரியைத் தள்ளுகிறார், உராய்வைப் புறக்கணிக்கவும்’ என்று வந்தது. இருப்பதை இல்லையென்று எழுதி எனக்குப் பழக்கமில்லை. புறக்கணிக்க வேண்டுமென்றால் முதலில் அது இல்லாமல் போக வேண்டும். கூடம் முழுக்கச் சோப்பு நீரை ஊற்றி, அதன் மேல் எண்ணெயும் விட்டேன். அத்தான் அலமாரியில் கைவைத்ததுதான் தெரியும், அது ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுப் பல் மருத்துவர் ஓடிவந்து உள்ளே கால் வைத்தார். “என்னம்மா நடக்குது இங்க?” என்ற கேள்வியை வாசலில் தொடங்கியவர் சமையலறையில்தான் முடித்தார். “வெளிவிசை இல்லன்னா நிக்காது டாக்டர்,” என்று தரையில் கிடந்தபடியே அத்தான் விளக்கம் சொன்னார். அன்றைக்குப் படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. இத்தனை ரகளையிலும் என் மகளின் அறைக்கதவு திறக்கவில்லை, அவ்வளவு கவனமாகப் படிக்கிறாள் பாவம்.

அதனால் தம்பி, வேண்டாம். வணிகவியலில் சேர்த்துவிடு. அழுதால் அழட்டும், வீடாவது மிஞ்சும். உன் வீட்டாருக்கு என் அன்பைச் சொல். உங்கள் எல்லோரையும் அவரவர் இடத்திலேயே அசையாமல் வைத்து ஆண்டவன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டும் முன் என் மகள் இதைப் படித்துவிட்டாள். “அம்மா, நான் ரெண்டாவது வாரமே வரலாறுக்கு மாறிட்டேன்,” என்கிறாள். அப்போ இந்தத் தாளெல்லாம் ஏதுடி என்றேன். “ஃபிரெண்டுகிட்ட வாங்கிட்டு வரேன். நீயும் அப்பாவும் இவ்வளவு பேசிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எப்படி நிறுத்தறது?” என்றாள். உள்ளேயிருந்து அத்தான், “இந்த வாரத் தாள் வந்துடுச்சா?” என்று குரல் கொடுத்தார். எனவே, தம்பி, வியாழன்வரை காத்திருக்காதே. நாளைக்கே உன் மகளை இயற்பியலில் சேர்த்து இங்கே அனுப்பிவை, எங்களோடு தங்கிப் படிக்கட்டும். அந்தத் தோழியும் அடுத்த பருவம் வேதியியலுக்குப் போகிறாளாம். அப்புறம் எங்களுக்குத் தாள் கொண்டுவர யார் இருக்கிறார்கள்?