காபன் பதினான்குக்கு நான் செய்த அநியாயம்

நாவற்குடா,
வியாழக்கிழமை.

கத்தார் நாட்டில் களஞ்சியப் பொறுப்பாளராகச் சீரும் சிறப்புமாய்க் கடமையாற்றும் என் அன்புச் சகலன் யோகராசா தம்பிக்கு, உங்கள் மூத்த சகலன் அழகரத்தினம் எழுதிக்கொள்வது.

உங்கள் தேக சுகத்துக்கு மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுவதோடு, அங்கத்தைய வெயிலில் தலைக்குத் துணி போடாமல் வெளியே இறங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பளவில் சுகம்தான். மற்றபடி உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில், வேலியில் இருக்கும் படலை பூட்டிக் கிடக்கிறது. காரணம் நான்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பீர்கள். உங்கள் அறையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் நம் பகுதி ஆட்கள். நான் இங்கே போனை வைக்க முன்னம் கதை வெல்லாவெளி வரைக்கும் போய்விடும். ஆகவே லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்பும் காத்தான்குடி இர்ஷாத்திடம் இதைக் கொடுத்து விடுகிறேன். தனியே இருந்து வாசியுங்கள்.

நான் ஆங்கில வகுப்புக்குப் போவது உங்களுக்குத் தெரியும். மெல்பேர்னில் இருக்கும் மகளின் பிள்ளை வீடியோவில் வந்து ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்கும், நான் "ஓகே, ஓகே" என்பேன், அது உடனே அழும். எதற்கு ஓகே சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கவலையில்தான் நூலக மண்டபத்தில் வளர்ந்தவர்களுக்கு நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். படிப்பிப்பவர் றுமானா ரீச்சர், நல்ல பிள்ளை. ஒருநாள் அவர் ஒரு பக்கத் தாளைத் தந்து அதை ஐந்து வசனத்தில் சுருக்கி எழுதச் சொன்னார். பார்த்தால் இரசாயனம்! சமதானிகள்! ஆங்கிலத்தில் ஐசோடோப் என்கிறார்கள். மற்றவர்களெல்லாம் பேயடித்தவர்கள் போல் இருக்க, எனக்கு மட்டும் வாயெல்லாம் பல். உயர்தரத்தில் நான் தமிழில் படித்த பாடமல்லவா? அதில் நான் சித்தியடையவில்லை என்பது வேறு விஷயம்.

"சொந்தச் சொல்லில எழுதுங்க சேர். ஒண்டும் தெரியாத ஆளுக்கும் விளங்கணும். வீட்டில கண்ட எதோடயாவது ஒப்பிட்டா இன்னும் நல்லம்" என்று ரீச்சர் சொன்னார். அவரில் குற்றமில்லை. வீட்டில் கண்டது என்றதும் எனக்கு வேறென்ன தோன்றும், சொல்லுங்கள்? ஒரு மூலகத்தின் சமதானிகளுக்குப் புரோத்தன் ஒரே அளவு, அட்டவணையில் இடமும் ஒன்று, நியூத்திரன் கூடிக் குறைவதால் நிறை மட்டும் வேறுபடும். நம் வளவைப் பாருங்கள். ஊர் வழக்கப்படி வளவும் வீடும் பெண்பிள்ளைகளுக்கு. நீங்களும் நானும் ஆளுக்கொரு சூட்கேசோடு வந்து ஏறியவர்கள். அக்கா என் யசோதினி, தங்கை உங்கள் கண்ணகை. ஒரே முகம், ஒரே கைப்பக்குவம், கோபம் வந்தால் ஒரே வாய். நிறைதான் வேறு. போன லீவில் நீங்களே என் காதுக்குள் சொன்னீர்கள், "கண்ணகை நல்லாப் பாரம் வச்சிட்டா, பின்னால ஏறினா மோட்டார் சைக்கிள் முன்சில்லு எழும்புது" என்று. அதை நான் எழுதவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்கிற ஆள் நானில்லை.

முதலில் எழுதியது இரண்டு பக்கம். அதில் எல்லாம் இருந்தது. ரீச்சர் பார்த்துவிட்டு, "அருமை சேர், ஆனா இது சுருக்கமில்ல. தேவையில்லாததுகள வெட்டுங்க" என்றார். நானும் இருபத்தைந்து வருஷம் அலுவலகத்தில் லிகிதராக எழுத்து வேலை பார்த்தவன், வெட்டச் சொன்னால் வெட்டாமல் விடுவேனா? வெட்டி வெட்டி மிஞ்சியதைத் தமிழில் தருகிறேன், மனதைத் தேற்றிக்கொண்டு வாசியுங்கள்: "ஒரு மூலகத்தின் சமதானிகள் ஒரே வளவில் இருக்கும் அக்கா தங்கையைப் போன்றவை. குணமும் இடமும் ஒன்று, நிறைதான் வேறு. என் வீட்டில் இருக்கும் காபன் பன்னிரண்டு இலகுவானது, எங்கும் கிடைப்பது. பக்கத்து வீட்டில் இருக்கும் காபன் பதினான்கு பாரமானது, நிலையில்லாதது, ஓயாமல் கதிர் வீசிக்கொண்டிருப்பது. அதை வைத்துப் பழைய பொருட்களின் உண்மையான வயதைக் கண்டுபிடிக்கலாம்."

இதைத்தான் மிகச் சிறந்த சுருக்கம் என்று தெரிவு செய்து, வகுப்பு நிறைவு விழாவில் வாசிக்கச் சொன்னார்கள். கண்ணகை என் பெருமையைப் பார்க்கவென்று புதுச்சாறி உடுத்து, ஒரு பெரிய தாம்பாளம் நிறையப் பயித்தம்பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தாள். ஆங்கிலத்தில் வாசித்து முடித்ததோடு நான் இறங்கியிருந்தால் இன்றைக்கும் படலை திறந்திருக்கும். விருந்தினராக வந்தவர், "சபைக்கு விளங்கத் தமிழிலயும் சொல்லுங்க" என்றார். சனி நாக்கில் இருந்தது. சொன்னேன். சொன்னது மட்டுமா, பக்கத்து வீடு என்ற இடத்தில் கண்ணகையின் பக்கம் கையையும் நீட்டினேன். மண்டபம் கொல்லென்று சிரித்தது, நானும் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். கண்ணகை எழும்பித் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். விருந்தினர் வெறும் பிளேன்ரீயோடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்தநாள் படலையில் பூட்டு. நான் வேலியோரம் போய், "பிள்ளை, காபன் பதினாலு இல்லாட்டி உலகத்தில எலும்புக்கு வயசு பார்க்கவே ஏலா" என்று அதன் பெருமையை எடுத்துச் சொன்னேன். உள்ளே ஒரு சட்டி விழுந்து உடைந்தது. றுமானா ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளை பாவம், என்னைக் காப்பாற்ற நினைத்து, "சேர் எழுதினதில ஒரு பிழையும் இல்ல மாமி, எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டது. யசோதினியைத் தூது போகக் கேட்டேன். "உங்கட காபனுக்கு நீங்களே போங்க" என்கிறாள். தங்கை இல்லாமல் அவளுக்கும் சோறு இறங்கவில்லை. மதியத்தில் கறிக்கோப்பை படலையால் போய் வராத நாள் உண்டா? இப்போது வாவி இறாலில் கறி வைத்துவிட்டு, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தபடி நிற்கிறாள். எனக்கு அதைப் பார்க்க ஏலாது, தம்பி.

இதற்குள் ஊரும் சும்மா இருக்கவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் யாரோ ஒருத்தி, "பதினாலு, எங்க போறாய்கா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் கண்ணகை மேசனைக் கூப்பிட்டாள். "நான் பாரமெண்டா அத்தானுக்கு இந்தப் பாரம் இனி வேணாம். வேலியப் பிடுங்கிப்போட்டு மதில் கட்டுறன்" என்று எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள். கல்லும் சீமெந்தும் வந்து இறங்கிவிட்டன. திங்கட்கிழமை அத்திவாரம் வெட்டப் போகிறார்கள். வேலி என்றால் ஒருநாள் திறக்கும். மதில் கட்டினால் கட்டியதுதான்.

நான் வெட்டிப்போட்ட பக்கங்களில் என்ன இருந்தது தெரியுமா? யசோதினிக்கு ஒப்பரேசன் செய்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் கண்ணகை என்று எழுதியிருந்தேன். நான் ஓய்வு பெற்றுப் பேச ஆளில்லாமல் கதிரையில் கிடந்த காலத்தில், காலையில் வேலிக்கு மேலால் எட்டி, "அத்தான், பேப்பரில இண்டைக்கு என்ன?" என்று கேட்பாள். அவளுக்குப் பேப்பரில் என்ன அக்கறை? என்னை வாய் திறக்க வைக்கத்தான் கேட்டாள். அதையும் எழுதியிருந்தேன். காபன் பதினான்கு மிக மிக அரிதானது என்று அந்தத் தாளிலேயே இருந்தது. அந்த ஒரு சொல்லையாவது விட்டிருக்கலாம். தேவையில்லாதது என்று நினைத்து வெட்டினேன். வெட்கமாக இருக்கிறது, மிகவும் கவலையாக இருக்கிறது.

ஆகவே தம்பி, கண்ணகை மதிலைப் பற்றிக் கேட்டால் தயவுசெய்து ஓம் சொல்லிவிடாதீர்கள். அத்தான் நல்லவன், அவனுக்குச் சுருக்கத் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் முதலாளிக்கு நல்ல புத்தியும், நம் வளவுக்கு ஒரே வாசலும் கிடைக்க வேண்டுமென்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும் சகலன்,
க. அழகரத்தினம்.

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இர்ஷாத் வருகிறாரா என்று பார்க்க ஒழுங்கை முடக்கு வரைக்கும் போய் வந்தேன். வந்தால் கடிதமும் இல்லை, யசோதினியும் இல்லை. படலை திறந்து கிடக்கிறது. உங்கள் வீட்டு விறாந்தையில் யசோதினி வாசிக்க, கண்ணகை கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பாய் வந்த இடத்தில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கும் கண் கலங்கியது. மறுகா அந்தச் சுருக்கம் இருந்த பக்கத்துக்குத் திரும்பினார்கள். "அப்ப நான் எங்கயும் கிடைக்கிற ஆளா?" என்று யசோதினி கேட்டாள். இனி அவள் எங்கள் வீட்டில் சமைக்க மாட்டாளாம், தங்கையோடுதான் சாப்பாடாம். வேலியைப் பிடுங்குவது உறுதி, ஆனால் மதில் இல்லை. கல்லும் சீமெந்தும் வீணாகாமல் கிணற்றடி மூலையில் எனக்கு ஒரு அறை கட்டப் போகிறார்கள். "நிலையில்லாத சாமானத் தனியத்தான் வைக்கணும் அத்தான், நீங்கதானே படிச்ச ஆள்" என்று கண்ணகை சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஆனால் மோட்டார் சைக்கிள் முன்சில்லு வரும் இடத்தை மூன்று தரம் வாசிப்பித்த பிறகுதான் அவள் கடிதத்தைத் திருப்பித் தந்தாள். மேசனிடம் அந்த அறையை இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு அளக்கச் சொல்லியிருக்கிறாள். லீவுக்கு வரும்போது உங்கள் தலையணையைக் கொண்டு வாருங்கள்.