சம்பந்திக்கு, பிரேக் பைப் விவகாரமாக

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம், லாரியைத் தவிர. தங்கள் வீட்டில் லாரி எதுவும் இல்லாததால் அங்கு எல்லோரும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும். நிற்க. கடிதத்தில் இப்படி எழுதினால் பேச்சாவது நிற்கிறது. என் லாரிதான் ஒரே மிதியில் நிற்கமாட்டேன் என்கிறது.

நான் யாரையும் எளிதில் சந்தேகப்படுகிறவன் இல்லை என்பது தங்களுக்கே தெரியும். கல்யாணப் பேச்சின்போது தங்கள் மகனுடைய ஓட்டுநர் உரிமத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன் என்றால், அது கண்ணாடி கொண்டுவராததால். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், தங்கள் மகனும், அதாவது என் லாரியை ஓட்டும் என் மாப்பிள்ளையும், தாங்கள் சிபாரிசு செய்த அந்த மெக்கானிக்கும் கூட்டுச் சேர்ந்து என்னை லாரியை விற்க வைக்கப் பார்க்கிறார்கள்.

பிரேக் பைப்பில் எண்ணெய் கசிகிறது என்றுதான் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் பைப்பை ஒரு குத்துக் குத்தினார், துரு பொலபொலவென்று அவர் முகத்திலேயே கொட்டியது. "எல்லாத்தையும் மாத்தணுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த மாடலுக்கு ரெடிமேட் பைப் இப்போது வருவதே இல்லையாம். சுருளாகப் பைப் வாங்கிவந்து, பழையதைத் தரையில் கிடத்தி, அதே வளைவுக்கு வளைத்தார். நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், அவர் திரும்பி உட்கார்ந்தார். வெளிச்சம் அந்தப் பக்கம்தான் வருகிறதாம். பழைய நட்டுகளைக் கழுவி மறுபடி போட்டார், அந்த அளவு மரை வெட்டிய நட்டும் இப்போது கிடைக்காதாம். மாற்றிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு நட்டிலும் ஆணியால் ரகசியமாக ஒரு கீறல் போட்டு வைத்தேன். பிறகு சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் தேடி அலைந்தோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சாம்பிளைக் கையில் வாங்குமுன்பே "இந்த வண்டி இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். யாரோ முன்னாடியே போன் போட்டுச் சொல்லிவைக்காமல் அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு பழைய இரும்புக் கடையின் மூலையில் அதே மாடல் லாரி ஒன்று கிடந்தது, டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சிலிண்டரைக் கழற்றும்போது மாப்பிள்ளை அந்த லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்ம வண்டிக்கு அண்ணன் மாதிரி இருக்குல்ல மாமா?" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று தாங்களே சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்தபின் பைப்புக்குள் அடைத்திருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவர் சக்கரத்தருகில் ஒரு சின்னத் திருகைத் திறப்பார், காற்றும் எண்ணெயுமாக நுரைத்து வரும், திருகை மூடிவிட்டு "விடுங்க" என்பார், அப்போது காலை எடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஏறப் போனார். விடுவேனா? மேலே ஒரு கூட்டாளி, கீழே ஒரு கூட்டாளி, நடுவில் என் லாரி. நானே ஏறி உட்கார்ந்தேன். "மிதிங்க" என்றார், மிதித்தேன். "பிடிங்க" என்றார், பிடித்தேன். ஆனால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் கீழே நடப்பது எப்படித் தெரியும்? புட்டி புட்டியாக எண்ணெய் ஊற்றுகிறோமே, அதெல்லாம் எங்கே போகிறது? ஆகவே ஒவ்வொரு முறையும் "பிடிங்க" என்றதும் சட்டென்று எழுந்து, கதவு வழியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, அவர் "விடுங்க" என்பதற்குள் வந்து ஒழுங்காக மிதித்துக்கொண்டேன். பொழுது சாயும்வரை காற்று வந்துகொண்டே இருந்தது. டயரில்கூட அவ்வளவு காற்று இருக்காது. நடுவில் அடியிலிருந்து குரல் வந்தது.

"பெடல்ல யாருங்க?"

"நான்தான். ஏன்?"

"வேற யாராச்சும் உக்காந்தா நல்லாருக்குங்க."

பார்த்தீர்களா, என்னை நகர்த்தப் பார்க்கிறார். நான் அசையவில்லை.

கடைசியில் மாப்பிள்ளை ஏறி மிதித்துப் பார்த்தால் பெடல் பஞ்சாக உள்ளே போனது. அவர் இறங்கி, "இதை நம்பி லோடோட குவாரி சரிவுல நான் எறங்க மாட்டேன் மாமா. ஒண்ணு வித்துடுங்க, இல்லன்னா நான் வேற கம்பெனிக்கு ஓட்டப் போறேன்" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். குட்டு வெளிப்பட்டதா இல்லையா? மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. லாரியும் போய், மாப்பிள்ளையும் போனால், நான் யாரோடு சண்டை போடுவேன்? ஆகவே தாங்கள் மகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லவும். இல்லாவிட்டால் நாளைக் காலை லோடு ஏற்றிக்கொண்டு நானே அந்தச் சரிவில் இறங்கிக் காட்டப் போகிறேன். மூன்று முறை மிதித்தால் நிற்கத்தான் செய்கிறது.

தாங்களும் குடும்பத்தாரும் எதிரே வருவது எதிலும் முட்டாமல் நீடூழி வாழ, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்களை மட்டும் இதுவரை சந்தேகப்படாத சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை மகள் படித்துவிட்டாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், ஒரு வரியில் விரலை வைத்து, "அப்பா, பிடிங்கன்னு சொன்னப்ப எந்திரிச்சீங்களா?" என்றாள்.

"பாக்க வேண்டாமா பின்னே?"

"அப்ப கால்?"

கால் என்னோடுதானே வரும் என்றேன். பட்டறைக்கு இழுத்துப் போனாள். அவளே ஏறி உட்கார்ந்து, சொன்னபோது மிதித்தாள், சொன்னபோது விட்டாள். கொஞ்ச நேரத்தில் பெடல் கல்லாக நின்றது. திருகு திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடுமாம். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று மெக்கானிக்கைக் கேட்டேன். "வெளிய வந்து பாக்கறப்பல்லாம் நீங்க கால வச்சுட்டுத்தான் இருந்தீங்க. பெரியவரப் போயி சந்தேகப்படலாமாங்க?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடிதத்தைக் கிழிக்க எடுத்தேன், "எங்க மாமனாரும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று மகள் பிடுங்கிக்கொண்டாள். ஆகவே நலம் விசாரித்ததைத் தவிர மற்றதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். மாப்பிள்ளை வந்து சாவியை வாங்கிக்கொண்டார். இன்று முழு லோடோடு சரிவில் இறங்கினோம், நானும் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. கீழே வந்து சேர்ந்ததும் மாப்பிள்ளை குனிந்து என் காலடியைப் பார்த்தார். என் பக்கம் பெடல் ஏது? உச்சியிலிருந்து அடிவாரம் வரை வெறும் தகரத்தையே என் வலது கால் அழுத்தி மிதித்துக்கொண்டு வந்திருக்கிறது.

"எறங்கியாச்சு மாமா" என்றார். "இப்ப விடுங்க."