செங்குட்டுவனின் இரும்பு பம்பர்

ஒரு புருஷன் பெரிய முடிவு எடுத்தால் அதை முதலில் யாரிடம் சொல்வான், சொல்லுங்கள் பார்க்கலாம்? பொண்டாட்டியைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்வான். நெய்வேலி இருபத்தோராம் பிளாக் செங்குட்டுவனும் அப்படித்தான். கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதன் முகத்தில் இரும்பு பம்பர் மாட்டப்போகிற சேதி ஷிப்டு பஸ் முழுக்கத் தெரியும். பொண்டாட்டி எழில்மதிக்கு மட்டும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் பட்டறையிலிருந்து பம்பர் ஆட்டோவில் வந்தது. குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. தூக்க ஒரு கை பிடிக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு ராஜாங்கத்தை அழைத்துப் போனான். பின்னாலேயே இடுப்பில் பிள்ளையோடு எழில்மதியும் வந்தாள்.

"இன்னாங்க இது, மாட்டுக் கொட்டாய்க் கதவா?"

"பம்பர். கம்பெனிக்காரன் குடுத்தது தொட்டாலே நசுங்குது."

"நசுங்கறதுக்குத்தான வச்சிருக்கான்."

"உனக்கு இன்னா தெரியும்? சுரங்கத்துல பன்னெண்டு வருஷமா கிரேன் ஓட்டறவன் நானு."

பாதுகாப்பு வாரக் கட்டுரைப் போட்டியில் எவர்சில்வர் டப்பா வாங்கியவன் வேறு. அந்த டப்பாவில்தான் எழில்மதி மிளகாய்த்தூள் கொட்டி வைத்திருக்கிறாள்.

"வண்டி மோதினா அந்த அடி எங்கனா போயாவணும் இல்ல? முன்பக்கம் நசுங்க நசுங்க வேகம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். இரும்பு நசுங்காது. சடார்னு நின்னு அடிய அப்படியே உள்ள அனுப்பும். உள்ள யாரு குந்தியிருக்கறது? நம்ம பாப்பா. ஏர்பேக்குக்கும் எப்ப ஊதறதுன்னு தெரியாமப் போயிடும்," என்றாள் எழில்மதி.

"எவன் சொன்னான்?"

"காரோட குடுத்த புக்குல படமே போட்டிருக்கு. நீங்கதான் பாட்டுப் பெட்டி பக்கம் வரைக்கும் படிச்சிட்டு மூடி வச்சிட்டீங்க."

ராஜாங்கம் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

"இரும்புன்னா இரும்புதான். மெத்து மெத்துன்னு எதுவும் தேவையில்ல," என்றான் செங்குட்டுவன்.

"தேவையில்லையா?"

"இல்ல."

"சரி. தலைக்கும் இரும்புக்கும் நடுவுல ஒண்ணுமே வைக்காம வூடு வரைக்கும் தூக்கிக்கினு வாங்க. வந்து சேந்தா நானே ஸ்பேனர் எடுத்துத் தரேன். முடியலன்னா, வந்த ஆட்டோவுலயே திரும்பப் போவுது."

"ப்பூ," என்றான்.

ராஜாங்கமும் ஆட்டோக்காரனும் பிடித்துத் தலையில் ஏற்றிவிட்டார்கள். முதல் பத்தடி கோயில் யானை நடை. கேட்டுக்குக் கேட் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பதினோராவது அடியில் குழாய்ப் பள்ளம். கால் இறங்கி நின்றது. இரும்பு இறங்கி நிற்கவில்லை. இடையில் நசுங்க வேறெதுவும் இல்லாததால் உச்சந்தலையே நசுங்கப் பார்த்தது. கண்ணுக்குள் தெர்மல் மின்நிலைய விளக்கு அத்தனையும் ஒரே நேரத்தில் எரிந்தது.

"வலிக்குதாங்க?"

"இல்ல."

"கண்ணு கலங்கியிருக்கு."

"வெயிலு."

அடுத்தது வேகத்தடை. ஏறினான், பல்லைக் கடித்தான். இறங்கினான், நாக்கையும் சேர்த்துக் கடித்தான். வீட்டுக்கு இன்னும் எட்டு கேட் பாக்கி. அதற்குள் மண்மேடு இரண்டு. எழில்மதி பிள்ளைக்கு எதையோ காட்டிச் சிரித்தபடி முன்னால் நடந்தாள். ஆட்டோக்காரன் முனையை விட்டுப் போகவே இல்லை. இருந்து டீ குடித்துவிட்டுப் போகும்படி அவள் அப்போதே சொல்லியிருந்தாள்.

செங்குட்டுவன் நின்றான். கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் பக்கவாட்டில் ஓட்டி, அவள் காதில் விழாதபடி கிசுகிசுத்தான்:

"ராஜாங்கண்ணே, ஒங்க தோள்ல கெடக்குற துண்ட கொஞ்சம் சும்மாடு மாதிரி சுருட்டி, இதுக்கடியில வச்சு வுடுங்களேன்."