மாத்திரை ஜோசியர்

ஜோசியர்களில் பல வகை உண்டு. கையைப் பார்ப்பவரைத் தெரியும், குருவியை விட்டுச் சீட்டு எடுப்பவரைத் தெரியும். மனைவியின் மாத்திரை அட்டையைப் பார்த்தே அவள் மனசுக்குப் பலன் சொல்பவரைக் கண்டிருக்கிறீர்களா? தைனான் நகரில், எங்கள் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் ஒருவர் இருக்கிறார். பெயர் வென்பின்.

கருத்தடை மாத்திரை சில பெண்களின் ஆசையையும் மனநிலையையும் மாற்றக்கூடும் என்று எங்கோ அரைப்பக்கம் படித்தார். அன்றோடு மற்ற காரணங்களெல்லாம் உலகை விட்டே ஓடிவிட்டன. அவருடைய அம்மா வந்து வாரக்கணக்கில் தங்கியதற்கு மனைவி யுவேலான் முகம் சுளித்தால் மாத்திரை, ஈரத்துண்டைப் படுக்கையில் போட்டதற்குக் கத்தினால் மாத்திரை, படம் பார்த்து அழுதால் மாத்திரை. சிரித்தால்? அதுவும் மாத்திரைதான்!

எங்கள் ஊரில் குப்பையைத் தெருவில் வைக்க முடியாது. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீட்டில் அது வென்பினின் வேலை. ஊருக்கே கேட்கும் அந்தப் பாட்டு அவர் காதில் மட்டும் விழாது.

ஒரு மாலை யுவேலான் வெடித்தாள்.

"நேத்தும் வண்டிய விட்டுட்டியா? இறால் தோலு நாத்தம் குடலப் புடுங்குது!"

"கோவப்படாத செல்லம். இது நீ பேசல, மாத்திரை பேசுது."

"அத நிறுத்தி ஒரு மாசமாச்சு."

ஜோசியர் அசந்துவிடுவாரா? "அப்ப இது நிறுத்தினதால வர்ற கோவம்!"

யுவேலான் இடுப்பில் கை வைத்தாள். "எல்லாருக்கும் அப்படி ஆகாது, எனக்கு ஆச்சு. ஆசையே செத்துப்போச்சு, காரணமில்லாம அழுகை. 'மாத்திரையாலதான் போல, வேற வழி பாப்போம்'னு கெஞ்சினேன். அப்ப மட்டும் 'ஆபீஸ் டென்ஷன்'னு சொன்ன! ஆணுறை வாங்கணுமேன்னு பயம்!"

வென்பின் குப்பைப் பையின் வாயைக் கட்டத் தொடங்கினார்.

"டாக்டரக் கேட்டுத்தான் நிறுத்தினேன். அழுகை நின்னுடுச்சு. ஆசையும் திரும்பி வந்துடுச்சு."

"நெஜமாவா?" ஜோசியர் ஓரடி நெருங்கினார்.

"நெஜமாத்தான். கோவம் மட்டும் போகல. அது குப்பையால வந்தது."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. வென்பினின் இரண்டு கையிலும் பை, ஒற்றைக் காலில் செருப்பு. ஐந்து மாடியும் இறங்கி, வண்டியைத் துரத்திப் பிடித்துப் போட்டுவிட்டு, மருந்துக் கடையிலும் நுழைந்துவிட்டுத்தான் திரும்பினார். வாசலில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"யுவேலான் மாத்திரைய நிறுத்தினதுல எனக்குக் காதுகூட நல்லாக் கேக்குது!" என்றார், மூச்சு வாங்கியபடி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டுக்குள் ஒரு குரல் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறதே, அதற்கு என்ன காரணம் வைத்திருக்கிறீர்கள்?