பல்லில் படாத புரோட்டா

"இனிமே புரோட்டா வேணுமா, கால் விரல் வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?" என்று பகவதி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"சொன்னாரு."

"அப்போ இதக் குடிங்க."

சாப்பாட்டு மேசையில் சர்க்கரை ரிப்போர்ட் கிடந்தது. அது காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கிண்ணம் கேப்பைக் கூழ். ராஜதுரை இரண்டையும் மாறி மாறி முறைத்தார்.

அவருக்கு ஐம்பது வயது. பகலில் துறைமுகத்துச் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் தயாரிக்கும் ஆபீசில் வேலை. ஆனால் ஊர் அவரை அறிந்தது அதற்காக அல்ல. பதினைந்து வருஷமாக 'பல்லும் சொல்லும்' என்ற வலைப்பூவில் தூத்துக்குடி ஓட்டல்களைப் பற்றி எழுதிவருகிறார். விளம்பரம் வாங்க மாட்டார். ஓசியில் ஒரு டீ குடிக்க மாட்டார். முகப்பில் கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டிருப்பார்: 'பல்லில் படாதது சொல்லில் வராது.'

"பதினைந்து வருஷத்தில் இந்த ஊரில் எந்தக் கடையிலும் எனக்கு ஆறின புரோட்டா வந்ததில்லை" என்று ஒருமுறை பெருமையாக எழுதியிருந்தார். "எனக்கு வந்ததே" என்று பின்னூட்டம் போட்டவர்களைப் போட்டிக் கடைக்காரனின் கைக்கூலிகள் என்று திட்டி, இனி எட்டிப் பார்க்க முடியாதபடி தடுத்தும் வைத்துவிட்டார். கோபம் அவருக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

இப்போது கோபம் வேறு விஷயத்தில். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஐந்நூறாவது பதிவு. முதல் பதிவில் எழுதிய அதே கலங்கரை புரோட்டா ஸ்டாலில் பொரிச்ச புரோட்டா தின்று அதை எழுதுவதாக ஒரு மாதமாகத் தம்பட்டம் அடித்துவைத்திருக்கிறார். இந்த நேரம் பார்த்துச் சர்க்கரை வந்து நிற்கிறது!

"இந்தக் கூழப் பத்தி எழுதுங்களேன்" என்றாள் பகவதி.

"ஏளா, கூழப் படிக்கவா ரெண்டாயிரம் பேரு வாரான்?"

"சர்க்கர வந்திருக்கு, திங்க முடியலன்னு உள்ளத எழுதுங்க. அதுவும் உண்மதான?"

"எனக்கு நோயின்னு ஊருக்குத் தண்டோரா போடச் சொல்லுதியா?"

முப்பத்தைந்து வயதில் அவருக்கு வேண்டியிருந்தது கூட்டம். எத்தனை பேர் படித்தார்கள் என்று மணிக்கொரு தரம் எண்ணிப் பார்ப்பார். நாற்பதில், பஸ்ஸில் யாராவது அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுக்கமாட்டார்களா என்றிருந்தது. ஐம்பதில் அதெல்லாம் உதிர்ந்துபோய் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ராஜதுரை பொய் எழுதினான் என்று ஒரு பயல் சொல்லிவிடக் கூடாது. கால் விரலைக்கூட விட்டுக்கொடுத்துவிடலாம், இதை முடியாது என்று அவர் நினைத்தார். கால் விரலைப் பகவதி விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதுதான் பிரச்சினை.

யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. பல்லில் படவேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது? தொண்டையில் இறங்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

திங்கட்கிழமை சாயங்காலம் எஸ்டி பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அது அவர் அப்பா காலத்து வண்டி. பீச் ரோட்டு முக்கில் திரும்பும்போதே தெரு முழுக்கக் கேட்கும். யாராவது சைலன்சரை மாற்றச் சொன்னால், "நான் என்ன களவாணியா, சத்தமில்லாம போயிச் சத்தமில்லாம தின்னுட்டு வர?" என்று சீறுவார்.

போய் உட்கார்ந்த மறுநிமிஷம் புரோட்டா வந்தது. தொட முடியாத சூடு. அவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, பல்லால் நன்றாக அரைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காகிதத்தில் துப்பினார். நாக்கு வெந்துபோனது மட்டும்தான் தெரிந்தது. ருசி தெரியவில்லை. இரண்டாவது துண்டைத் துப்பும்போது எதிரில் கடை முதலாளி ஹென்றி நின்றார்.

"என்ன அண்ணாச்சி, துப்புதீய?"

"பல்லு வலி."

"பல்லு வலின்னா மென்னுருக்க மாட்டீயளே! நல்லா மென்னுட்டுல்லா துப்புதீய!"

பக்கத்து மேசைக்காரன் தன் தட்டைச் சந்தேகமாகப் பார்த்தான். ஹென்றிக்கு முகம் சிவந்துவிட்டது.

"மாதாவே! முப்பது வருசம் கட நடத்துதேன். என் புரோட்டாவ ஒருத்தன் துப்பிப் பாத்ததில்ல!"

ராஜதுரை காசை மேசையில் வைத்துவிட்டுத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே வந்தார். இனி அந்தக் கடையில் தலைகாட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமையோ ஓடி வந்துகொண்டிருந்தது.

அடுத்த யோசனை, மச்சினன் சிவப்பிரகாஷ். பகவதியின் தம்பி. செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். பொய் சொல்லக் கொஞ்சமாவது கற்பனை வேண்டும். அது அவனுக்குச் சுத்தமாகக் கிடையாது.

"ஏலே பிரகாசு, போயி நாலு பொரிச்ச புரோட்டா தின்னு. மொறுமொறுப்பு எப்பிடி, சால்னா எப்பிடின்னு அப்பிடியே வந்து சொல்லணும். அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது."

பிரகாஷ் தன் ஸ்கூட்டரில் போய்விட்டு வந்தான்.

"அத்தான், புரோட்டா ஆறிப்போயி தோலு மாதிரி இருந்துச்சு. எண்ண முந்தாநாளு எண்ண. சால்னான்னு ஊத்துனது சுடுதண்ணி."

"ஏலே! எந்தக் கடைக்குப் போன?"

"கலங்கரைக்குத்தான்."

"அந்தக் கடையில அப்பிடி இருக்காதுல!"

"இருந்துச்சு அத்தான். நான் தின்னதச் சொல்லுதேன்."

ராஜதுரைக்கு ரத்தம் கொதித்தது. நம்பாமல் மறுநாளும் அனுப்பினார். அதற்கு மறுநாளும் அனுப்பினார். மூன்று நாளும் அதே தோல், அதே எண்ணெய், அதே சுடுதண்ணீர். மூன்றாம் நாள் பிரகாஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அப்படியானால் ஹென்றி ஏமாற்றுகிறான்! பெயர் வந்ததும் கைப்பக்குவத்தை விட்டுவிட்டான்! பதினைந்து வருஷம் தூக்கிப்பிடித்தவனுக்கு இதுதான் மரியாதையா? சனிக்கிழமை உட்கார்ந்து ராஜதுரை பொரிந்து தள்ளினார். 'நான் போனேன். நான்கு புரோட்டா தின்றேன். என் பல் நொந்தது, மனசும் நொந்தது' என்று ஆரம்பித்து, சுடுதண்ணீர் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. 'நான்' என்று அடிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் கூசியது. மச்சினன் என்று எழுதினால் முகப்பில் இருக்கும் வரியை அழிக்கவேண்டும். அழிக்க மனம் வரவில்லை. ஞாயிறு காலை பதிவு வெளியானது.

மத்தியானத்துக்குள் அந்தப் பதிவு ஊரெல்லாம் பரவியது. இதுவரை எந்தப் பதிவுக்கும் இவ்வளவு பின்னூட்டம் வந்ததில்லை. அதிலும் ராஜதுரைக்கு எரிச்சல்தான். பத்தில் எட்டு பேர் 'இப்பவாவது உண்மையை எழுதினீங்களே' என்று எழுதியிருந்தார்கள்.

"இப்பவாவதுன்னா என்னல அர்த்தம்?" என்று அவர் செல்போனைப் பார்த்துக் கத்தினார்.

அப்போது பகவதி கையில் தன் போனோடு வந்து நின்றாள். சென்னையில் படிக்கிற மகள் ஐஸ்வர்யா பதிவை அம்மாவுக்கு அனுப்பி, அழுகிற பொம்மை ஐந்து போட்டிருந்தாள்.

"நாலு புரோட்டா தின்னீயளா?"

ராஜதுரை தன் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் ராப்பகலா கேப்ப இடிச்சு, பாவக்கா சாறு எடுத்து, ஒங்க கால நோக்கிக்கிட்டு கெடக்கேன். நீங்க போயி நாலு புரோட்டா! அதுவும் நல்லாவே இல்லாத புரோட்டா!"

"நான் திங்கலட்டீ!"

"அப்போ எழுதுனது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்போ தின்னீய."

"திங்கல."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தின்னீயளா, பொய் எழுதுனீயளா?"

இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்த புருஷன் இந்தக் கடற்கரையில் கிடையாது. அந்த நேரத்தில் வாசல் கேட்டை யாரோ உடைப்பதுபோலத் தட்டினார்கள். ஹென்றிதான்.

"ஓய் ராஜதுரை! வெளிய வாரும்!"

இதுநாள்வரை அண்ணாச்சி என்றவர். மரியாதை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

"காலையிலேருந்து கடையில ஈ ஓட்டுதேன்! நீரு எப்பம் வேய் நாலு புரோட்டா தின்னீரு? திங்கக்கெழம வந்து ரெண்டு துண்ட மென்னு துப்பிட்டுல்லா ஓடுனீரு!"

பகவதி சடாரென்று திரும்பினாள். "துப்புனாரா?"

"ஆமம்மா, துப்புனாரு! காயிதத்துல!"

"துப்புனீயளா?" என்று அவள் குரல் ஒரு நிமிஷம் குழைந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா." மறுநிமிஷமே புருவம் ஏறியது. "அப்போ அந்த நாலு புரோட்டாவ யாரு தின்னது?"

வயிறு சரியாகாமல் அக்கா வீட்டுச் சோபாவில் படுத்திருந்த பிரகாஷ் மெதுவாக எழுந்து பின்வாசல் பக்கம் நடந்தான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் ஹென்றி. "சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைக்கு வாரும். எல்லாரு முன்னாலயும் தின்னும். தின்னுட்டு, நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லும். நான் கடைய மூடிட்டுப் போயிருதேன். வரலன்னா நீரு பொய்யன். அவ்வளவுதான்!"

ஏழு மணிக்கு எஸ்டி பைக் பீச் ரோட்டு முக்கில் திரும்பியது. பின்னால் பகவதி உம்மென்று உட்கார்ந்திருந்தாள். கடை வாசலில் பெரிய கூட்டம். திங்க ஆளில்லை, வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டிருந்தது. எல்லார் கையிலும் செல்போன்.

தட்டு வந்தது. பொன்னிறத்தில் புரோட்டா, தொட்டால் நொறுங்கும் பதம். ஆவி பறக்கும் சால்னா, மேலே எண்ணெய் மினுங்க, கரண்டி நட்டால் நிற்கும் போலிருந்தது. பதினைந்து வருஷமாக அவர் தின்ற அதே புரோட்டா. வாசனை மூக்கில் ஏறியதும் ராஜதுரைக்கு வாயில் எச்சில் ஊறியது. கூடவே பிரகாஷைக் கொல்ல வேண்டும் என்ற வெறியும் ஊறியது. படுபாவிப் பயல், எந்தக் கடையில் தின்றுவிட்டு எந்தக் கடையைச் சொன்னானோ!

"தின்னும்!" என்றார் ஹென்றி.

"தின்னா வீட்டுப்பக்கம் வந்துராதீய!" என்றாள் பகவதி.

தின்றால் கால் போகும். தின்னாவிட்டால் பெயர் போகும். செல்போன்கள் எல்லாம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ராஜதுரை ஒரு துண்டைப் பிய்த்தார். உதடுவரை கொண்டுபோனார். சட்டென்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஒரு புரோட்டாத் துண்டுக்குப் பின்னால் எத்தனை நாளாக ஒளிந்துகொண்டு திரிகிறோம்!

துண்டைத் தட்டில் வீசினார்.

"நான் திங்கல!" என்று கத்தினார். "எனக்குச் சர்க்கர! நானூத்தம்பது! டாக்டர் திங்கக்கூடாதுன்னுட்டாரு! தின்னது என் மச்சினன். அவன் சொன்னத நான் தின்ன மாதிரி எழுதுனேன். போதுமா? எல்லாரும் நல்லா படம் புடிச்சுக்கிடுங்கல!"

ராஜதுரையின் கண் கலங்கியது.

"ஐந்நூறு பதிவு எழுதியிருக்கேன். நானூத்தித் தொண்ணூத்தொம்பதும் என் பல்லுல பட்டது. ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். இது ஒண்ணுதான் பொய். இதோட நான் நிறுத்திக்கிடுதேன்."

பகவதி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். வீட்டுக்கு வரலாம் என்று அதற்கு அர்த்தம். ஹென்றிக்கோ தலைகால் புரியவில்லை.

"கேட்டுக்கிட்டீயளா? கலங்கரையப் பத்தி எழுதுனது பொய்யாம்! அவரு வாயாலயே சொல்லிட்டாரு!"

ராஜதுரை தலையைக் குனிந்துகொண்டார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சு லேசாக இருந்தது. போகட்டும், ஒன்று பொய்யானாலும் மற்றதெல்லாம் நிற்கும்.

அடுப்படியில் முப்பிடாதி மாஸ்டர் நின்றார். ஊரிலுள்ள பாதிக் கடைகளில் மாவு அடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த மனுஷன். ராஜதுரை கண்ணைத் துடைப்பதைப் பார்த்து அவருக்கு மனசு தாங்கவில்லை. எண்ணெய்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆறுதலாக அவர் தோளில் கையை வைத்தார்.

"கலங்காதீய அண்ணாச்சி, அது ஒண்ணுதான் நெசம், ஒங்க பைக்குச் சத்தம் முக்குல கேட்டதும் புது எண்ணெய ஊத்தி, தனிச் சால்னாவ எடுத்து வைக்கது நான் வேல பாத்த பதினோரு கடையிலயும் பழக்கந்தான."