சீனம் தெரிந்த மாப்பிள்ளை

குக்கரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அஷ்வினி சீனாவிலிருந்து போனில் சொன்னபோது, நாகேந்திரன் அருப்புக்கோட்டையில் உளுந்தவடையைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தான்.

சின்ன விஷயம்தான். விடுதி அறையில் மின்சாரக் குக்கர் வைத்துச் சமைக்கக் கூடாது என்று அங்கே சட்டம். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கதவைத் தட்டினாள், எட்டிப் பார்த்தாள், சோற்றோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஏன் என்று கேட்க அஷ்வினிக்குச் சீனம் தெரியாது. டாக்டர் படிப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"கேட்டு வாங்கிக் குடுங்க பாவா. அவ்வளவுதான்," என்றாள்.

அதற்குத்தானே நாகேந்திரன் இருக்கிறான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தெரசாளின் டீக்கடை மாடியில், 'டிராகன் மாணவர் உதவி மையம்' என்று போர்டு மாட்டியிருந்தான். மொழி தெரியாமல் சீனாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு, சிம் கார்டு வாங்குவது முதல் ஆஸ்பத்திரிக்குப் போவது வரை இங்கிருந்தே போனில் பேசிக் கொடுப்பது தொழில். அவனும் ஆறு வருடம் அங்கே டாக்டருக்குப் படித்தவன்தான். திரும்பி வந்து, இங்கே டாக்டராக எழுத வேண்டிய பரீட்சை மட்டும் அவனுக்கு ஒத்துவரவில்லை.

ஆறு வருடம் இருந்தானே தவிர, சீனம் வரவில்லை. பாடம் இங்கிலீஷில் நடந்தது. சாப்பாட்டுக் கடையில் படத்தைத் தொட்டுக் காட்டினால் தட்டு வந்துவிடும். மற்றதற்கெல்லாம் கல்லூரியே ஒரு சீன மாணவனைத் துணைக்கு விட்டிருந்தது. முடிவெட்டும் கடையில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைக்கூட அந்தப் பையன்தான் சொன்னான். ஊருக்குக் கிளம்பும்போது நாகேந்திரனின் கைவசம் இருந்தது ஒரு வணக்கம், ஒரு நன்றி, கொஞ்சம் ஸ்டேஷன் பெயர்கள், கொஞ்சம் பலகாரப் பெயர்கள்.

இது ஊரில் யாருக்கும் தெரியாது. முக்கியமாக ஜோதிலிங்கத்துக்குத் தெரியாது. அவர் விசைத்தறி வைத்திருப்பவர், அஷ்வினியின் அப்பா. மூத்த மகள் ஹேமலதாவை நாகேந்திரனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு; அதனால்தான் அஷ்வினிக்கு அவன் பாவா, தெலுங்கில் அத்தான். சீனம் தெரிந்த மாப்பிள்ளை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தச் சீனத்தை நம்பித்தான் சின்னவளை விமானம் ஏற்றினார். வழியனுப்பிய அன்று நாகேந்திரனின் தோளில் கைபோட்டு, சின்னவளுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டால் தையில் கல்யாணம், பாதியில் திரும்பி வந்தாளென்றால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஹேமலதா சிரிக்கவில்லை.

நாகேந்திரனிடம் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்றில் அஷ்வினி, ஸ்பீக்கரில். இன்னொன்றில் மொழிபெயர்க்கிற ஆப். இவன் இங்கிலீஷில் தட்டினால் அது பெண் குரலில் சீனம் பேசும். அவர்கள் சீனத்தில் பேசினால் இங்கிலீஷில் எழுதிக் காட்டும். அஷ்வினிக்கு மட்டும் இது தெரியும். அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"தெலுங்குலயே பேசு," என்று அன்றைக்கும் நினைவுபடுத்தினான். இரண்டு பேர் வீட்டிலும் தெலுங்குதான். நெசவுக்காரர் வீடுகளில் தமிழ் வாசலுக்கு வெளியே. அந்தக் கல்லூரியில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. எவனாவது ஒட்டுக்கேட்டு ஊருக்குச் சொன்னால் ஆப் விஷயம் சந்தி சிரித்துவிடும்.

விடுதி அம்மாளுக்கு உண்மையைச் சொன்னால் குக்கர் வராது. எனவே நாகேந்திரன் யோசித்துத் தட்டினான். இந்தப் பெண்ணுக்கு வயிற்றில் நாள்பட்ட கோளாறு, சூடான கஞ்சியைத் தவிர எதுவும் ஆகாது, குக்கர் இவளுக்கு மருந்து மாதிரி.

ஆப் இதை உருக்கமாகவே படித்தது. விடுதி அம்மாள் பதறிப்போனாள்.

"குக்கர் வந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்ல பாவா. ஆம்புலன்ஸ் வந்திருக்கு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை எல்லாப் பக்கமும் அமுக்கிப் பார்த்தார். வலிக்கவில்லை என்று அஷ்வினி தலையாட்டினாள். வலிக்காத நாள்பட்ட கோளாறு அவருக்குக் கவலையாகப் பட்டது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். குழாயைக் கொண்டுவரவும் ஆள் போய்விட்டது.

நாகேந்திரன் அவசரமாகத் தட்டினான். வயிற்றில் ஒன்றுமில்லை ஐயா, வீட்டு ஞாபகம், அவ்வளவுதான், வீட்டுச் சோறு மாதிரி இல்லாததால் சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

குழாய் திரும்பிப் போனது. அஷ்வினியை வேறொரு அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே விளக்கு மங்கலாக இருந்தது. மெல்லிய குரலில் பேசும் ஒரு பெண்மணி அவள் மடியில் ஒரு தலையணையை வைத்தாள். கூடவே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் வந்து, ஓரமாக நின்றாளாம்.

"தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்றாங்க பாவா."

"கட்டிப்பிடி."

"எவ்வளவு நேரம்?"

"அவுக சொல்ற வரைக்கும் பிடி."

மெல்லிய குரல்காரி யாரை நினைத்து ஏங்குகிறாய் என்று கேட்டாள். ஏக்கமெல்லாம் இல்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று நாகேந்திரன் தட்டினான். வெறும் மறுப்பு எடுபடாது என்று தோன்றவே, ஒரு காரணமும் சேர்த்தான்: தையில் அக்காவுக்குக் கல்யாணம், அந்த நினைப்பில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறாள்.

அங்கே நாலைந்து பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஆப் எழுதிக் காட்டியதை நாகேந்திரன் இரண்டு தடவை படித்தான். அக்காவின் கல்யாணத்துக்குப் போக முடியாத ஏக்கத்தில் ஒரு பெண் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பதை இந்தக் கல்லூரி பார்த்துக்கொண்டிருக்காது. ஒரு வருடம் விடுமுறை. டிக்கெட் கல்லூரிச் செலவு. நாளைக்கே விமானம்.

"எல்லாரும் கைதட்டுறாங்க பாவா," என்றாள் அஷ்வினி. "நான் வீட்டுக்கு வாரேனா?"

அவள் வந்தால் அவனுக்கு ஹேமலதா இல்லை. அவன் வேண்டாம் என்று தட்டப் போனபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஜோதிலிங்கம். பரளச்சியில் ஒரு காதுகுத்துக்குப் போகிற வழியில் டீ குடிக்க நின்றிருக்கிறார். மாடியில் டாக்டரு காலையிலிருந்து சீனாகூட மல்லுக்கட்டுது என்று தெரசாள் சொல்லியிருக்கிறாள். டீ கிளாஸோடு அவளும் பின்னாலேயே ஏறி வந்தாள்.

நாகேந்திரன் இரண்டாவது போனைத் தொடைக்கடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்தான்.

என்ன விஷயம் என்று மாமனார் தெலுங்கில் கேட்டார். ஒன்றுமில்லை, குக்கர் விஷயம் என்றான். அப்பாவின் குரல் கேட்டதும் அந்தப் பக்கம் அஷ்வினி மூச்சு விடவில்லை. ஜோதிலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தார்.

"பேசுங்க மாப்பிள்ளை. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன், ஒரு நாளும் காதால கேட்டதில்ல."

சரியாக அப்போது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் சீனத்தில் எதையோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றது.

நாகேந்திரன் தொண்டையைச் செருமினான். முதலில் வணக்கம் சொன்னான். அது சரியாக இருந்தது. அடுத்து, கல்லூரியிலிருந்து சந்தைக்குப் போகிற மெட்ரோ ரயிலின் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொன்னான். ஸ்டேஷன்கள் தீர்ந்ததும் கொழுக்கட்டைக்கு மாறினான். நூடுல்ஸில் கொஞ்சம் கோபப்பட்டு மேஜையைத் தட்டினான். கோழிக்கால் வறுவலில் குரலைத் தழைத்துச் சமாதானமாகப் போனான். மறுபடி ஸ்டேஷன்களைப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்து, நன்றி என்று முடித்தான். நெற்றியில் வியர்வை ஓடியது.

ஜோதிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தெரசாளுக்குத் தெலுங்கு தெரியாது என்பதால், அவள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"பாத்தீகளா தெரசாளம்மா, தண்ணி மாதிரி போகுது. இனி எதுக்கு யோசிக்கணும், அடுத்து வார முகூர்த்தத்துலயே நிச்சயம் பண்ணிருவோம். நீங்க குடும்பத்தோட வந்துரணும்."

"வாரேன் முதலாளி," என்றாள் தெரசாள். "ஆனா அந்தச் சீனாக்காரி ஒண்ணுமே சொல்லலையே."

ஸ்பீக்கர் கரகரத்தது. அதே பெண் குரல். ஒவ்வொரு சொல்லாக, பாடப் புத்தகம் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசியது.

"ஐயா, வணக்கம். நீங்கள் எல்லோரும் தமிழா? என் தமிழ்ப் பெயர் பூங்கோதை. இங்கே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் தமிழ் மாணவர்களுக்கு உதவத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண் பேசுவது தமிழ் இல்லையே என்றுதான் காலையிலிருந்து அருகில் நின்றும் பேசாமல் இருந்தேன். அது போகட்டும் ஐயா, இப்போது ஒருவர் என்னிடம் நெடுநேரம் பேசினாரே, அது எந்த நாட்டு மொழி?"