கழுவியவனும் பூசியவனும்

பச்சை இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் பிரஜின் சிரித்துக்கொண்டு நிற்கும் படம், ஊழியர்களின் வீட்டாரும் இருக்கும் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தாணுமாலையனின் மனைவி அனுஷா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பளபளப்பு. இந்தப் பையன் கைவேலை கொள்ளாம் கேட்டியளா."

"அந்தக் கதவைக் கழுவினது நானாக்கும்."

"கழுவினியளா? இங்க ஒரு தம்ளர் கழுவி நான் பாத்ததில்ல."

தாணுமாலையன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

கம்பெனியில் அவனுக்குக் கழுவல் பிரிவு. தகட்டை மருந்துத் தொட்டிகளில் முக்கி, எண்ணெயையும் துருவையும் போக்கிக் காயவைத்துக் கொடுப்பான். அப்படிச் செய்தால்தான் பெயின்ட் பவுடர் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். பிரஜின் அதைப் பூசி ஓவனில் வைப்பான். ஊர் கண்ணுக்குத் தெரிவது அவன் வேலை மட்டும்.

சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. கொச்சியிலிருந்து ஆர்டர் கொடுக்க வரும் ஷைலஜா மேடத்துக்கு யாருடைய வேலை பிடிக்கிறதோ அவருக்குத்தான் அந்த இடம் என்று மேனேஜர் வெங்கிடேஷ் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் அறையில் ஏ.சி. உண்டு. மருந்து நெடி இல்லை.

மறுநாள் காலை, கழுவிக் காய்ந்த கதவு ஒன்றைத் தாணுமாலையன் எடுத்தான். தேங்காய் எண்ணெய் வழியும் தன் தலையை ஒருமுறை அழுந்தத் தடவினான். அதே கையால் கதவைத் தடவினான்.

பெயின்ட் குழி குழியாக வந்தது. பிரஜின் முகம் சுளிக்கவில்லை. உட்கார்ந்து தேய்த்தான். மறுபடி பூசினான். வெங்கிடேஷ் அதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டார். 'என்ன சிரத்தை!' என்று கீழே எழுதியிருந்தார். குழுவில் முதல் ஆளாகக் கைதட்டும் பொம்மை போட்டது அனுஷா.

அடுத்த கதவைத் தாணுமாலையன் தொட்டியிலேயே போடவில்லை. பழந்துணியால் துடைத்து அனுப்பினான். இம்முறை பெயின்ட் கண்ணாடிபோல வந்தது. அவன் நினைத்தது இதிலும் நடக்கவில்லை.

மதியம் ஷைலஜா மேடம் வந்தார். நேராக அந்தக் கதவுக்குத்தான் போனார். பெயின்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்க பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறினார். டேப்பை ஒட்டிப் பிய்த்தார். பச்சை மொத்தமும் டேப்போடு வந்தது.

"என்னப்பா இது?" என்றார் வெங்கிடேஷ்.

"பூசினது நானாக்கும் சாரே," என்றான் பிரஜின். "தப்பு என்னோடதுதான்."

மேடத்தின் முகம் கனிந்தது. "தப்பை ஒத்துக்கிற ஆளு இந்தக் காலத்துல எங்க கிடைக்கும், அல்லே?"

பெயின்ட் உரிந்ததற்கும் அவனுக்கே பாராட்டு. தாணுமாலையனால் தாங்க முடியவில்லை.

"தப்பு அவனோடது இல்ல மேடம். கழுவாத தகடாக்கும் அது."

"ஏன் கழுவல?"

வாய்விட்ட பிறகுதான், மாட்டிக்கொண்டது தான் என்று அவனுக்கு விளங்கியது.

"அவசரத்துல விட்டுப்போச்சு," என்றான்.

வெங்கிடேஷின் காது சிவந்தது. "இனி வேலைக்கே வராண்டாம், கேட்டியா."

"சாரே, ஒரு தகடு. ஒரே ஒரு தகடு கழுவிக் காட்டுகேன். பெறகு சொல்லுங்க."

கைக்கு உறை மாட்டிக்கொண்டான். ஒரு தொட்டியையும் விடாமல் முக்கினான். மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டினான். எண்ணெய்ப் பசை இல்லாததால், துளியாகத் திரளாமல் தண்ணீர் ஒரே படலமாகப் படர்ந்தது. காய்ந்ததும் பிரஜின் கை நீட்டினான்.

"நீ தொடாத. சார் அடிக்கட்டு," என்று தடுத்தான் தாணுமாலையன்.

"நானா?" என்றார் வெங்கிடேஷ். பெயின்ட் துப்பாக்கியை அவர் பிடித்ததே இல்லை. பாதி கதவிலும் பாதி தன் சட்டையிலும் அடித்தார்.

ஓவனிலிருந்து வந்த கதவு மேடு பள்ளமாக இருந்தது. ஆறும்வரை காத்திருந்து மேடம் கீறினார். டேப்பைப் பிய்த்தார். வெறும் டேப் வந்தது. இன்னொரு இடத்தில் பிய்த்தார். ஒரு பொட்டுப் பச்சை வரவில்லை.

"பாத்தியளா?" என்றான் தாணுமாலையன். "எல்லாம் கழுவுறதுலயாக்கும். பெயின்ட் அடிக்கதுக்கு ஆளே வேண்டாம்."

மேடம் கதவை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். பிரஜின் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்போ சூப்பர்வைசர்..." என்று இழுத்தார் வெங்கிடேஷ்.

தாணுமாலையன் கையுறையைக் கழற்றினான். ஏ.சி. காற்று முகத்தில் படுவதுபோலவே இருந்தது.

"ஐயோ, இந்த மனுஷனைத் தொட்டிப் பக்கத்துலேருந்து அசைக்கவே கூடாது, கேட்டோ," என்று வெங்கிடேஷிடம் சொன்னார் ஷைலஜா மேடம். "அந்தப் பையனைச் சூப்பர்வைசர் ஆக்குங்க. பெயின்ட்டை நீங்களே அடிச்சுக்கலாமே."